பிராக்கும் போரும்: வளர்ந்தவர்களின் ஏ.டி.எச்.டி

எங்கள் ஊரில் வகுப்பில் கவனமில்லாத பிள்ளையைப் 'பிராக்குப் பார்க்கிறவன்' என்பார்கள். ஓரிடத்தில் இராத பிள்ளை 'துடியாட்டம்'. வளர்ந்த பிறகும் அது போகாவிட்டால் 'பொறுப்பில்லாதவன்' என்ற பெயர் வரும். எனக்கு மூன்றும் கிடைத்தன. நாற்பது வயதை நெருங்கும்போதுதான், இதற்கு ஏ.டி.எச்.டி என்றொரு பெயர் இருப்பதை மனநல வைத்தியர் சொன்னார். தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்று எழுதுகிறார்கள். என்னைப் போன்றவர் அந்தப் பெயரை முடிக்கும் முன்பே வேறெதையோ நினைக்கத் தொடங்கிவிடுவார்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1902 இலேயே லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற சிறுவர் வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். ஆனால் வளர வளர மாறிவிடும் என்ற நம்பிக்கை நீண்டகாலம் இருந்தது. பலருக்கு அது மாறுவதில்லை, உருவம்தான் மாறுகிறது. ஓட்டமும் பாய்ச்சலும் குறைந்து உள்ளே ஒரு பதகளிப்பு மிஞ்சும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கவேண்டிய படிவம் மேசையிலேயே கிடக்கும். கரண்ட் பில்லுக்குக் காசு இருந்தும் கட்டுப்படாது. அதே ஆள் பழுதான றேடியோ ஒன்றைப் பிரித்துவைத்து ஆறு மணித்தியாலம் அசையாமல் இருப்பார். இதைக் காட்டித்தான் வீட்டில் 'மனம் வைச்சா முடியும்தானே' என்று ஏசுவார்கள். கவனம் இல்லாததல்ல பிரச்சினை, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்ப முடியாததுதான்.

2013 இல் வந்த அமெரிக்க வகைப்பாட்டு நூலின்படி, 17 வயதுக்கு மேற்பட்டவருக்குக் கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது, அல்லது துடியாட்டம் சார்ந்த ஒன்பதில் ஐந்தாவது இருக்கவேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை வாழ்க்கையைக் குழப்பவேண்டும். முக்கியமாக, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்கவேண்டும்.

இந்த 12 வயதுதான் எங்களுக்குச் சிக்கல். பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. யார் தேர்ச்சி அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்? அதற்குப் பிறகு மரத்தடியில் வகுப்பு, பிறகு வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் கவனமாகப் படித்த பிள்ளையைத்தான் விசித்திரமாகப் பார்க்கவேண்டும். மாமா ஒரே வசனத்தில் முடித்தார்: "சண்டைக்குள்ள இருந்து வந்த ஆக்கள் எல்லாருக்கும் மறதிதான் தம்பி."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மனவடுவும் கவனத்தைச் சிதைக்கும், நித்திரையைக் கெடுக்கும், எரிச்சலைத் தரும். தலையில் ஷெல் துண்டு பட்டவர்களுக்கும், அதிர்வில் தலை அடிபட்டவர்களுக்கும் மறதி வரும். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும்கூட ஆளைக் குழப்பும். வித்தியாசத்தை எனக்கு வைத்தியர் இப்படி விளக்கினார். மனவடு உள்ளவரின் கவனத்தை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது: ஹெலி சத்தம், ஒரு மணம், ஒரு திகதி. அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, 'அதற்கு முன் நான் இப்படியில்லை' என்று சொல்லலாம். ஏ.டி.எச்.டிக்கு அப்படி ஒரு முன் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் முடியும், அப்போது இரண்டையும் பார்க்கவேண்டும். கடைசியில் எனக்குச் சாட்சி சொன்னது அம்மாதான். இடம்பெயர முன்பே, முதலாம் வகுப்பில் வாரம் ஒரு பென்சில் தொலைத்த கதையெல்லாம் அவவுக்கு ஞாபகம்.

இரட்டையர் ஆய்வுகளின்படி, இதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 70 முதல் 80 வீதம் பரம்பரையால் வருவது. வெளிநாட்டில் ஒரு மருமகனுக்கோ பெறாமகளுக்கோ இது இருப்பதாகச் சொன்னால், இங்கே இருப்பவரும் யோசிக்கலாம்.

பெயர் தெரிந்தபின் வீட்டில் வாதம் தொடங்கியது. "இஞ்சாருங்கோ, குளிசையைத் தொடங்கினா பிறகு விடேலாமப் போயிடுமெல்லே" என்றாள் மனைவி. ஐஸ் பாவனையால் பிள்ளைகள் அழிவதைப் பார்க்கும் ஊரில் இது வெறும் பயமல்ல. மெதில்பெனிடேற் ஊக்கி வகை மருந்துதான், சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளதும்தான். ஆனால் வைத்தியர் சொன்ன அளவில் வாயால் எடுக்கும்போது அடிமையாகும் ஆபத்து குறைவு. அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், சாதாரண வகை நாலு மணித்தியாலமளவில் தீர்ந்துவிடும். பசி குறையும், நித்திரை குழம்பலாம், நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறலாம். அதனால் தொடங்க முன் இரண்டையும் பார்க்கவேண்டும். அற்றொமொக்செற்றின் ஊக்கி அல்ல, பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும்.

குளிசை மட்டும்தான் வழியென்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிரித்தானியாவின் 2018 வழிகாட்டலே, முதலில் சூழலை மாற்றிப் பார், அதன் பிறகும் வாழ்க்கை கணிசமாகக் குழம்பினால் மருந்து கொடு என்கிறது. வளர்ந்தவர்களுக்கேற்ற நடத்தைச் சிகிச்சையும் உதவும். நான் படலையோடு ஒரு ஆணி அடித்துத் திறப்பைக் கொழுவுகிறேன். போனில் அலாரம் ஐந்து. படிவங்களை மனைவியின் பக்கத்தில் இருந்து நிரப்புகிறேன், பக்கத்தில் ஆள் இருந்தாலே கை ஓடுகிறது. இவற்றோடு ஆறு மாதம் போய், போதாமல்தான் குளிசைக்கு வந்தேன். இப்போது கடை வேலை உள்ள நாட்களில் காலையில் ஒன்று.

வெளிநாட்டுச் சொந்தங்கள் தங்கள் குளிசையைக் கொடுத்தனுப்பினால் வாங்கவேண்டாம். இருதய நோயோ முன்பு மனப்பிறழ்வோ இருந்தவருக்கு அது ஆபத்தாகலாம். முதலில் பக்கத்து வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போங்கள், போக முடியாதவர்கள் 1926 இற்கு அழைக்கலாம். போகும்போது உங்களைச் சின்னனில் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அம்மா இல்லாவிட்டால் அக்கா, பெரியம்மா, முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர், யாராவது.