மச்சான் நெருங்கிய சொந்தமா?

உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் எல்லோருக்கும் குடமும் ஓலையும்தான் ஞாபகம் வரும். 2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் அந்த ஊரின் பெயரைச் சொன்னார். என்னை இழுத்தது குடவோலை இல்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டே வருஷத்தில் ஏன் இரண்டு கல்வெட்டு என்பதுதான்.

முதலாவது, முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. அடுத்தது 921. ஊரின் 30 குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதையே இரண்டும் பேசுகின்றன. குடும்பு என்பதை வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். வாரியம் என்றால் கமிட்டி. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி. பதவிக்காலம் 360 நாள்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழக்கமான காட்சி. வெர்ஷன் ஒன்று போய், வெர்ஷன் இரண்டு வந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் எதுவோ உடைந்திருக்கிறது. 919-இல் வயது வரம்பு 30-க்கு மேல் 60-க்குள். 921-இல் 35-க்கு மேல் 70-க்குள். இளவட்டங்கள் சரிப்பட்டு வரவில்லை போலிருக்கிறது. இதைவிடச் சுவையானது சொந்தக்காரர் விவகாரம். வாரியம் செய்து முடித்தவரின் நெருங்கிய உறவினர் கூடாது என்று 919 பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 921 அப்படி விடவில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவருடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், பெண்டாட்டியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் புருஷன், அவள் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொருவராக எழுதி வெளியே நிறுத்துகிறது. நடுவே கிடந்த இரண்டு வருஷத்தில் யாரோ ஒருவர் சபையில் எழுந்து, "மச்சான் எப்படிங்க நெருங்கிய சொந்தமாவான்?" என்று கேட்டிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் அந்தப் பட்டியல் சும்மா வந்திருக்காது.

ஓலை எடுக்கும் முறையிலும் அதே சந்தேகபுத்தி. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சிறுவன் எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருந்தால்? இந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஏரித் தண்ணீரும் பொன்னும் சிலர் கையில் போகும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். மேலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை. இது பிராமணர்களின் சபை. பெண்களோ, அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களோ பட்டியலின் எந்த வரியிலும் வரவில்லை. விலக்க வேண்டியவர்களாகக்கூட இல்லை. மச்சானுக்குக் கிடைத்த கவனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குடத்தின் வாயை அகலமாகத் திறந்தது 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். தலைவர் பதவிகளில் இடஒதுக்கீடு வந்தது. 1996-இல் தேர்தல். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவில் தலைவரான முருகேசனும் கூட இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை ஒழுங்கான தேர்தலே நடத்த விடவில்லை.

கத்தி இல்லாத வழியும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பணத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. 921-இல் எழுதியவர்கள் பார்த்தால் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவர் தலித்தாகவும் துணைத் தலைவர் நிலக்காரராகவும் இருந்தால், கையெழுத்துப் போடாமல் இருப்பதே போதும். தெருவிளக்குக்கான பில் அப்படியே கிடக்கும். கணக்கில் ஒரு பைசா தப்பு இருக்காது.