திருச்சபையில் இளையர் ஊழியப் பணி: நேர்முகத் தேர்வில் நீங்களும் கேட்க வேண்டிய கேள்விகள்

நேர்முகத் தேர்வு முடியும் தறுவாயில், “உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்று கேட்பார்கள். வங்கியிலோ பள்ளியிலோ வேலைக்குப் போனால் சம்பளம், விடுப்பு, வேலை நேரம் பற்றித் தயங்காமல் கேட்பவர்கள்கூட, திருச்சபை வேலை என்றதும் மௌனமாகிவிடுவதுண்டு. ‘ஊழியத்துக்கு வருகிறவர் கணக்குப் பார்க்கிறாரே’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்தான் காரணம்.

அந்தத் தயக்கத்தின் விலை பின்னால்தான் தெரியும். எதிர்பார்ப்பு ஒன்று, நடப்பது வேறொன்று என்றாகி, ஓர் ஆண்டிலோ இரண்டு ஆண்டுகளிலோ பணியாளர் விலகிவிடுவார். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும். அவரை நம்பி மனம்விட்டுப் பேசத் தொடங்கிய 14 வயதுப் பிள்ளைதான் ஏமாந்து நிற்கும். அடுத்து வருபவரிடம் அந்தப் பிள்ளை அவ்வளவு எளிதில் பேசாது. ஆகவே, வேலையை ஏற்பதற்கு முன்பே கேட்டுத் தெளிவது பிள்ளைகளுக்கும் செய்யும் நன்மை.

புக்கிட் மேரா போன்ற வட்டாரத்தில் வாழ்ந்து, சிங்கப்பூரின் தமிழ்த் திருச்சபைகளில் இளையர் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுவோருக்காகக் கேள்விகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்திருக்கிறோம்.

நீண்ட மரபு உள்ள பணி

ஓஃபிர் ரோட்டில் 1888ல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம் எனத் தமிழ்க் கிறிஸ்துவர்களுக்கு இங்கு நெடிய வரலாறு உண்டு. மெதடிஸ்ட் திருச்சபையின் மூன்று ஆண்டுப் பேரவைகளில் ஒன்றான இம்மானுவேல் தமிழ் ஆண்டுப் பேரவை தமிழ்ச் சபைகளுக்கானது.

இளையர் பணியும் புதிதன்று. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஃபிரேசர் 1930ல் பிரின்செப் ஸ்திரீட் பிரெஸ்பிடேரியன் ஆலயத்தில் சிங்கப்பூரின் முதல் ‘பாய்ஸ் பிரிகேட்’ சிறுவர் படையைத் தொடங்கினார். பின்னாளில் அவரே சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதிக் கழகத்தின் நிர்வாகியானார். 1936 முதல் தியோங் பாருவில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது அந்தக் கழகம்தான். அன்று பெரும்பாலும் தொண்டூழியர்கள் சுமந்த பணி, இன்று பல சபைகளில் சம்பள வேலையாகவும் இருக்கிறது. சம்பள வேலை என்று வந்துவிட்டால், கேள்விகளும் வேண்டும்.

1. வேலை என்ன?

- இது புதிய பணியா, ஒருவர் விட்டுச் சென்ற இடமா? முன்பு இருந்தவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார்? ஏன் விலகினார்? அவரிடம் நான் பேசலாமா?
- ‘இளையர்’ என்று எந்த வயதினரைச் சொல்கிறீர்கள்?
- பொறுப்புகள் எழுத்தில் உள்ளனவா?
- ஓராண்டு கழித்து எதைப் பார்த்து என் வேலை நன்றாக நடக்கிறது என்று முடிவு செய்வீர்கள்?

இரண்டாம் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால், தேசிய இளையர் மன்றம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை இளையர் என்கிறது. உயர்நிலைப்பள்ளி மாணவருக்கும் கைக்குழந்தையுடன் இருக்கும் 32 வயது தம்பதிக்கும் ஒரே ஆள் ஒரே விதத்தில் பணியாற்ற முடியாது. எல்லாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தால், முதலில் யாரை என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வெறும் வருகை எண்ணிக்கை மட்டும் பதிலாக வந்தால் கவனியுங்கள். முகாமுக்கு 60 பேரைத் திரட்டுவது ஒரு வேலை. பள்ளியை விட்டு விலக நினைக்கும் ஒரு பிள்ளையுடன் ஆறு மாதம் நடப்பது வேறு வேலை. சபை எதை மதிக்கிறது என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

2. எந்த மொழியில்?

தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் பேசித் தீராத விஷயம் இது. தாத்தா, பாட்டி தமிழில் செபிப்பார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம் பேசுவார்கள். அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வரும். இந்த மூவரும் ஒரே கூரையின்கீழ்.

- இளையர் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது? அதை யார் முடிவு செய்தார்கள்?
- தமிழை வளர்ப்பது என் பொறுப்பா, அல்லது பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் பேசினால் போதுமா?
- மொழி குறித்துப் பெரியவர்களுக்கும் இளையர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் எனக்கு யார் துணை நிற்பார்?

இதற்குச் சரியான ஒரே பதில் கிடையாது. ஆனால் போதகர் ஒன்றும் செயற்குழு உறுப்பினர் வேறொன்றும் சொன்னால், அந்த இழுபறியின் நடுவில் நிற்கப்போவது நீங்கள்தான்.

3. பிள்ளைகளின் நாள்காட்டி

இங்கே இளையரின் ஆண்டு, பள்ளியின் ஆண்டு. ஜூன், நவம்பர், டிசம்பர் விடுமுறைகளில் முகாம்கள். அவற்றுக்கு இடையே தேர்வு, துணைப்பாடம், இணைப்பாட நடவடிக்கை. ஆண் பிள்ளைகள் 18 வயதை ஒட்டி ஈராண்டு முழுநேரத் தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். தலைவர்களாக வளர்த்த பையன்கள் ஒரே நேரத்தில் முகாமுக்குள் போய்விட்டால் குழு காலியாகிவிடும்.

- தேர்வுக் காலத்தில் கூட்டங்களைக் குறைக்கிறீர்களா?
- தேசிய சேவையில் இருப்பவர்களுடன் தொடர்பு வைத்துக்கொள்ள ஏற்பாடு உண்டா?
- பிள்ளைகள் எந்தெந்தப் பேட்டைகளிலிருந்து வருகிறார்கள்?

கடைசிக் கேள்வி புக்கிட் மேராவில் வசிப்பவருக்கு முக்கியம். தமிழ்ச் சபைக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்துப் புளோக்குகளில் மட்டும் இருப்பதில்லை. ஒரு குடும்பம் செம்பவாங்கில், இன்னொன்று ஜூரோங்கில் இருக்கும். வாரநாள் மாலையில் வீட்டுச் சந்திப்பு என்றால், ரெட்ஹில்லில் ரயில் ஏறித் திரும்பி வர இரவு பதினொன்றாகும். போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4. பிள்ளைகளின் பாதுகாப்பு

இந்தப் பகுதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

- சிறுவர் பாதுகாப்புக்கான எழுத்துபூர்வ விதிமுறை உள்ளதா? நான் படிக்கலாமா?
- தொண்டூழியர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
- பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் மூடிய அறையில் தனியே இருக்கக்கூடாது என்ற விதி உண்டா? முகாமில், காரில், தனிப்பட்ட குறுஞ்செய்தியில்?
- ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் நான் யாரிடம் தெரிவிக்க வேண்டும்? புகார் சபைத் தலைவர் ஒருவரைப் பற்றியது என்றால்?
- படங்களை இணையத்தில் போடும் முன் பெற்றோரின் ஒப்புதல் பெறுகிறீர்களா?

சிங்கப்பூரில் சிறுவர், இளையர் சட்டத்தின் பாதுகாப்பு 2020 ஜூலை முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ‘எங்கள் சபையில் எல்லாரும் ஒரே குடும்பம், அப்படியெல்லாம் நடக்காது’ என்பது பதில் ஆகாது. விதிமுறை பிள்ளையைக் காப்பதுபோலவே, வீண்பழியிலிருந்து உங்களையும் காக்கும். வன்முறை, பாலியல் தொல்லை குறித்த தேசிய உதவி எண் 1800-777-0000. மன உளைச்சலில் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு எஸ்ஓஎஸ் அமைப்பின் எண் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். இளையர் பணியாளரின் கைப்பேசியில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்.

5. சம்பளம், விடுப்பு, மசே நிதி

முதல் கேள்வி: “நான் சபையின் ஊழியரா, அல்லது படித்தொகை பெறும் தொண்டூழியரா?” மற்ற உரிமைகள் எல்லாம் இதைப் பொறுத்தவை. சேவை ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்யும் ஊழியர் என்றால்:

- வேலை நியமனச் சட்டத்தின்படி, முக்கிய வேலை நியமன விதிமுறைகளை வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகத் தர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். இவ்விரண்டும் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம்.
- சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும்.
- மூன்று மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு உண்டு. முதல் ஆண்டில் குறைந்தது ஏழு நாள். ஆண்டுக்கு ஒரு நாள் கூடி எட்டாம் ஆண்டில் 14 நாளாகும்.
- மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முதலாளி மசே நிதி செலுத்த வேண்டும். 55 வயது வரையிலான குடிமக்களுக்கு முழு விகிதம் முதலாளியிடமிருந்து 17 விழுக்காடு, ஊழியரிடமிருந்து 20 விழுக்காடு.

ஓய்வு நாளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஞாயிறு மற்றவர்களுக்கு ஓய்வு, உங்களுக்கு மிகப் பரபரப்பான வேலை நாள். சனிக்கிழமை இளையர் கூட்டம். அப்படியென்றால் ஓய்வு எந்த நாள்? அந்த நாளில் தொலைபேசி வந்தால் எடுக்க வேண்டுமா? ஐந்து நாள் முகாமுக்கு ஈடாக விடுப்பு கிடைக்குமா? வேலை நேரம், வாராந்தர ஓய்வு பற்றிய சட்டப் பிரிவு மேலாளர், நிர்வாகி நிலையில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. உடலுழைப்பு ஊழியர் அல்லாதவர்களில், அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்பட்டோருக்கும் பொருந்தாது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே உங்களுக்குக் காப்பு.

விலகும் முன்னறிவிப்புக் காலத்தையும் பாருங்கள். ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால், 26 வாரத்துக்கும் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஒரே ஒரு நாள்தான். சம்பளப் பிரச்சினை வந்தால், சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியின் சமரசப் பேச்சை நாடலாம். வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் அணுக வேண்டும்.

உங்கள் சமய நம்பிக்கையைப் பற்றிச் சபை கேட்பது இயல்பே. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும், சமய அமைப்புகள் சமயத்தின் அடிப்படையில் ஆள் தேர்வு செய்ய இடமளிக்கிறது.

6. பணமும் பொறுப்பும்

- இளையர் பணிக்கான ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு? செலவுக்கு யார் கையெழுத்திட வேண்டும்?
- முகாம் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?
- நான் யாருக்குக் கீழ் வேலை செய்கிறேன்: போதகருக்கா, செயற்குழுவுக்கா, பெற்றோருக்கா?

பதிவுபெற்ற அறநிறுவனமாக இருக்கும் சபையின் நிதி விவரங்களை அறநிறுவன இணையவாசலில் பார்க்கலாம். நேர்முகத் தேர்வுக்கு முன் அரை மணி நேரம் அதற்குச் செலவிடுங்கள்.

7. பிற சமயப் பிள்ளைகள்

அடுக்குமாடிப் பேட்டையில் ஒரு பிள்ளையின் நெருங்கிய நண்பர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பார். பந்து விளையாட வந்தவர் கூட்டத்திலும் உட்காருவார். அப்போது அவருடைய பெற்றோருக்குத் தெரிவிக்கும் வழக்கம் உண்டா? அனுமதி பெற்ற பிறகே பிற சமயச் சிறுவர்களை முகாமுக்கு அழைக்கிறீர்களா? இதைக் கட்டாயம் கேளுங்கள். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990ல் இயற்றப்பட்ட நாடு இது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, ஒரே மின்தூக்கியில் தினமும் சந்திக்கும் அண்டை வீட்டாரின் நம்பிக்கைக்காகவும் இந்தத் தெளிவு தேவை.

8. தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ விண்ணப்பிப்பவர்கள்

- எனக்கு எந்த வேலை அனுமதி? அதற்கு யார் விண்ணப்பிப்பார்?
- அனுமதி கிடைக்காவிட்டால் பயணச் செலவு யாருடையது?
- தங்குமிடம், குடும்பத்தை அழைத்து வரும் வாய்ப்பு?

சுற்றுப்பயணியாக வந்துவிட்டு, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வேலையைத் தொடங்காதீர்கள். அனுமதியின்றி வேலை செய்வது குற்றம். வெளிநாட்டுச் சமய ஊழியர்களுக்கான குறுகியகாலப் பல்வகை வேலை அனுமதி அதிகபட்சம் 60 நாளுக்குத்தான். அதைக் காட்டி முழுநேர வேலை தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

9. உங்கள் குடும்பமும் உங்கள் மனமும்

“என் கணவரோ மனைவியோ சபையில் வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா?” வெளிப்படையாகக் கேளுங்கள். ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து இருவரின் உழைப்பை எதிர்பார்க்கும் வழக்கம் பல இடங்களில் சத்தமில்லாமல் இருக்கிறது. பிள்ளைகளின் துயரத்தைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோகும் நாளில் நீங்கள் யாரிடம் பேசலாம், மேற்படிப்புக்கும் பயிற்சிக்கும் சபை உதவுமா என்பதும் இதே பட்டியலில் சேரும்.

இளையரிடமும் கேளுங்கள்

குழுவினரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். இளையர் மூவர், நால்வருடன் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். “இங்கே நீங்கள் சொன்ன யோசனை ஏதாவது நடந்திருக்கிறதா?” என்ற ஒரு கேள்வி போதும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் விதத்திலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

புக்கிட் மேரா என்றால் செம்மலை. வாளைப் போன்ற மூக்குடைய மீன்கள் கரையோர மக்களைத் தாக்கியபோது, வாழைத்தண்டுகளை வரிசையாக நட்டு வைக்கச் சொன்னான் ஒரு சிறுவன். மீன்கள் அவற்றில் சிக்கின, ஊர் பிழைத்தது. ஆனால் அவனுடைய அறிவைக் கண்டு அஞ்சிய அரசவை அவனைக் கொன்றது. அந்த இரத்தத்தில் மலை சிவந்ததாகச் சொல்வார்கள். கதைதான். ஆனால் சின்னவர்களின் யோசனையைப் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எந்தச் சபையிலும் பார்க்க வேண்டியதே.

எல்லாக் கேள்விகளையும் ஒரே மூச்சில் அடுக்க வேண்டாம். முதல் சந்திப்பில் வேலை, பிள்ளைகள், பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள். வேலை தர முன்வந்தபின் சம்பளம், விடுப்பு பற்றிப் பேசுங்கள். பேசியதை அன்றிரவே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி, “நான் புரிந்துகொண்டது சரிதானா?” என்று அனுப்புங்கள். நல்ல சபை அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. தன் பிள்ளைகளை ஒப்படைக்கப்போகும் ஆள் கவனமானவர் என்றே எண்ணும்.