பரிவுக்குத் தனிப் பாடவேளை வேண்டுமா?



"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் கஷ்டம் புரிவதில்லை, பள்ளியில் நீதிபோதனை வகுப்பைக் கூட்டினால் என்ன சார்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். வரலாற்று ஆசிரியன் நான். வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளைத் தனித்தனி அரசுப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1971-இல்தான் வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் பெருமளவில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். சில வாரங்களிலேயே அடிதடி. பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனிடம் உதவி கேட்டார்கள்.

அவரும் அவருடைய மாணவர்களும் முதலில் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பல கைகள் உயர்கின்றன. ஒருவனை எழுப்பியதும் மற்றவர்கள் முகம் வாடுகிறது. அவன் தடுமாறினால் அவர்களுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அடுத்தவன் சறுக்கினால் எனக்கு லாபம் என்பதுதான் அங்கே தினமும் நடந்த சொல்லாத பாடம். நம் வகுப்புகளும் பெரும்பாலும் அப்படித்தானே?

ஆரன்சன் புதிய பாடம் எதையும் சேர்க்கவில்லை. பாடம் நடத்தும் முறையை மாற்றினார். ஐந்தாம் வகுப்பில் எலினார் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை வரலாறு பாடம். அதை ஆறு பகுதிகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். மற்ற ஐந்து பகுதிகளையும் நண்பர்கள் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும். துண்டுகள் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும் என்பதால் இதற்கு 'ஜிக்சா வகுப்பறை' என்று பெயர்.

ஒரு குழுவில், ஆங்கிலம் சரளமாக வராத மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் திக்கித் திணறினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அங்கிருந்த உதவியாளர் கண்டிக்கவில்லை. "கேலி செய்தால் அவனுக்குத் தெரிந்த பகுதி உங்களுக்குக் கிடைக்காது, சற்று நேரத்தில் தேர்வு" என்ற பொருளில் நினைவூட்டினார், அவ்வளவுதான். நாளாக ஆக, பிள்ளைகள் அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். அவனும் பேசத் தொடங்கினான்.

சில வாரங்களில் பிள்ளைகளிடையே வெறுப்பு குறைந்தது. பின்தங்கியவர்களின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. பின்னர் டயான் பிரிட்ஜ்மன் என்ற ஆய்வாளர் பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு படக்கதையைக் காட்டினார். விமான நிலையத்தில் அப்பாவை வழியனுப்பிவிட்டு வாடிய சிறுவன், தபாலில் வந்த பொம்மை விமானத்தைப் பார்த்து அழுகிறான். அவன் ஏன் அழுகிறான் என்று தபால்காரர் நினைப்பார்? முன்கதை தபால்காரருக்குத் தெரியாது என்பதை உணர, அவர் இடத்தில் நின்று பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு மாதம் ஜிக்சா முறையில் படித்த பிள்ளைகள் அதை மற்றவர்களைவிட நன்றாக உணர்ந்தார்கள்.

அடுத்தவன் பேச்சு தனக்குத் தேவை என்ற நிலை வந்தால், காது தானே திறக்கிறது. நீதிபோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பாடவேளை பரிவைப் போதித்துவிட்டு, மீதி ஏழிலும் முந்தப் பழக்கினால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, அடுத்த வாரம் ஒரே ஒரு பாடத்தை இப்படிப் பிரித்து நடத்திப் பாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடமும் ஒரு பகுதியைக் கொடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.