பாண்டி பஜார்: நடக்கிற தெருவில் யாருக்கு இடம்?

பாண்டி பஜார்னு கேட்டதும் பாண்டிச்சேரி ஞாபகம் வருதா? எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான். ஆனா அந்தக் கடைத்தெருவோட முறையான பேர் சௌந்தரபாண்டியனார் அங்காடி.

யார் இந்த சௌந்தரபாண்டியன்? நீதிக்கட்சித் தலைவர்கள்ல ஒருத்தர். 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரா இருந்தப்போ, ஒடுக்கப்பட்ட மக்களை ஏத்த மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு உத்தரவு போட்டவர். பொது இடம் எல்லாருக்கும் பொதுதான்னு நின்ன மனுஷன். இதை மனசுல வச்சுக்கோங்க.

தி.நகரே ஒரு ஏரி மேலதான் நிக்குது. 1920கள்ல ஏரியை வடிச்சு, வீடு கட்டுறதுக்காகப் போட்ட நகர் அது. மேற்கு மாம்பலத்துல இன்னைக்கும் லேக் வியூ ரோடு இருக்கு, ஏரிதான் இல்லை! வீடு வந்தது, கடை வந்தது, கடைக்கு முன்னாடி பிளாட்பாரக் கடையும் வந்தது. கிளிப், வளையல், கர்ச்சீப்னு பேரம் பேசி வாங்கின இடம் அதுதான்.

2013ல அந்த வியாபாரிகளை மாநகராட்சி ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாத்துச்சு. நடக்க இடம் வேணும்ங்கிறது நியாயமான காரணம். ஆனா இருபது ரூபா கிளிப்புக்காக யார் மாடி ஏறுவா? போற போக்குல கண்ணுல பட்டாத்தான் அந்த வியாபாரம். அடுத்த வருஷமே, 2014ல, தெரு வியாபாரிகளோட பிழைப்பைக் காக்க மத்திய சட்டம் வந்தது.

2019 நவம்பர்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல நடைபாதை வளாகம் திறந்தாங்க. வண்டிகளை மொத்தமா நிறுத்தலை. அதுங்களுக்கான இடத்தைக் குறைச்சு, நடைபாதையை அகலமாக்கினாங்க. உட்கார பெஞ்சு, குழந்தைங்க விளையாட இடம். சாயங்காலம் போனா நிஜமாவே சந்தோஷமா இருக்கும்.

ஆபீஸ்ல ஒரு பக்-ஐ சரி பண்ணா, எந்தக் காரணத்துக்காக பழைய ஒர்க்அரவுண்ட் போட்டோம்னு திரும்பிப் பார்ப்போம். இங்கேயும் அதேதான். இடம் இல்லைன்னுதான் வியாபாரிகளை மாடிக்கு அனுப்பினோம். இப்போ இடம் இருக்கே?

நடக்கிறவங்களுக்காக காரை ஒதுங்கச் சொல்ல முடிஞ்ச ஊரு, கிளிப் விக்கிற அக்காவுக்கும் ஒரு ஓரம் ஒதுக்க முடியும். தெருவோட பேர்லயே அதுக்கான நியாயம் இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!