வெளிநாட்டில் நடிப்புக் கல்வி: புறப்படும் முன் அறிய வேண்டியவை

நடிப்பை முறையாகக் கற்க விரும்பும் நம் மாணவர்களுக்குப் பக்கத்திலேயே வாய்ப்பு உண்டு. நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் த. சசிதரனும் 2000இல் சிங்கப்பூரில் தொடங்கிய பயிற்சித் திட்டமே இன்றைய இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட். மூன்றாண்டுப் பயிற்சியில் கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, சீனாவின் பீக்கிங் ஓப்பரா, ஜாவாவின் வாயாங் வோங் ஆகியவையும் இடம்பெறுகின்றன.

நசிருதீன் ஷா, ஓம் பூரி பயின்ற புதுடெல்லி தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கப்பட்டது. அங்கு சேர இந்தி தெரிந்திருக்க வேண்டும். லண்டன் ராடா கழகம் 1904 முதல் இயங்குகிறது. அங்கு இளங்கலைப் பட்டம் மூன்றாண்டு.

இத்தகைய பள்ளிகளில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மதிப்பெண் மட்டும் போதாது. நடித்துக் காட்டும் தேர்வே இடத்தை முடிவு செய்யும். பழைய நாடகம் ஒன்றிலிருந்தும் இக்கால நாடகம் ஒன்றிலிருந்தும் தனிவசனங்களை மனப்பாடமாகத் தயார் செய்து வைப்பது நல்லது.

செலவையும் முன்பே கணக்கிடுங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால், மேடைக் கலைஞராகச் சம்பாதிக்க மாணவர் விசா இடம் தராது. நடித்தே கட்டணம் கட்டிவிடலாம் என்று நம்பிப் போக வேண்டாம்.

பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுக் கல்விக்கே. இபிஎஃப் சேமிப்பில் ஒரு பகுதியைப் பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம் என்றாலும், அது பெற்றோரின் முதுமைக்கால அரிசிப் பணம். ஆகவே, முதலில் கோலாலம்பூர் அஸ்வாராவின் நாடகப் படிப்பையும் விசாரித்துப் பாருங்கள்.