'இடறல்': ஒரு விவிலியச் சொல்லின் பொருள் வரலாறு

தான் பாவம் செய்வது வேறு, பிறரைப் பாவத்தில் வீழ்த்துவது வேறு எனக் கிறித்தவ அறவியல் பகுத்துக் காண்கிறது. பின்னதைக் குறிக்கப் புதிய ஏற்பாடு ஆளும் கிரேக்கச் சொற்களுள் முதன்மையானது 'ஸ்கண்டலான்'. அச்சொல்லின் வரலாற்றையும் தமிழில் அது பெற்ற வடிவங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறியில் இரை கோக்கும் கோலைக் குறித்த சொற்குடும்பத்தைச் சார்ந்தது இச்சொல். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், கண்ணியைக் குறிக்கும் 'மோக்கேஷ்', காலை இடறும் பொருளைக் குறிக்கும் 'மிக்ஷோல்' என்னும் ஈரெபிரேயச் சொற்களுக்கும் இதனை ஆண்டனர். பார்வையற்றவர் முன் இடறுபொருள் வைத்தலை விலக்கும் லேவியர் 19:14இலும் இச்சொல்லே வருகிறது. ஆகவே, வைப்பவர், விழுபவர் ஆகிய இருவரையும் இச்சொல் நினைவூட்டுகிறது.

சிறியோரை வீழ்த்துபவர், கழுதை சுழற்றும் பெரிய எந்திரக்கல் கழுத்தில் கட்டப்பட்டுக் கடலில் அமிழ்த்தப்படுவதே அவருக்கு நலம் என்கிறது மத்தேயு 18:6. அதனையடுத்தே, தன் கையோ காலோ தன்னை வீழ்த்துமாயின் அதனை வெட்டி எறியுமாறு கூறப்படுகிறது. பிறர் தூண்டினர் என்பதால் விழுந்தவரின் பொறுப்பு நீங்குவதில்லை என்பது இதனாற் பெறப்படும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனைச் செய்வினை நிலை, செயப்பாட்டு நிலை என வகுத்தார். ஒருவரிடம் குற்றம் இல்லாதபோதும் மற்றவர் அவரால் இடறக்கூடும் என்பதும் அவர் கருத்து.

ஐரோப்பிய மொழிகளில் இப்பொருள் திரிந்தது. இலத்தீன் 'ஸ்கண்டலும்' வழிவந்த ஆங்கிலச் சொல் இன்று ஊரலரையும் பொது இழிவையும் குறிக்கிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் ஆண்ட 'அஃபெண்ட்' மனம் புண்படுத்தலாகவும், லூத்தரின் 'எர்கர்ன்' எரிச்சலூட்டலாகவும் இன்று பொருள்படுகின்றன. வீழ்ச்சியைக் குறித்த சொற்கள் மனவுணர்வைக் குறிப்பனவாயின.

தமிழில் நிலைமை வேறு. 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் 'இடறல்' என்னும் சொல்லைத் தேர்ந்தது. 'இடறு' என்பது 'கால் இடறியது' எனத் தன்வினையாகவும், 'யானை இடறியது' என மோதி வீழ்த்தும் பொருளிலும் வரும். இருவரையும் தழுவும் மூலச்சொல்லுக்கு இது பொருத்தமானது. சிறியோரை வீழ்த்தல், பேதுருவை இயேசு கடிந்துரைத்தல் (மத்தேயு 16:23), யூதருக்குச் சிலுவை தோன்றும் நிலை (1 கொரிந்தியர் 1:23) ஆகிய மூன்றிடத்தும் அச்சொல்லே வருகிறது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் இம்மூன்றையும் முறையே பாவத்தில் விழச்செய்தல், தடை, தடைக்கல் என வேறுபடுத்தியது. இதனால் வீழ்த்துபவரின் பொறுப்பு ஐயமின்றி விளங்குகிறது. 'இடறல்' என்பதைச் சிறு தடுமாற்றமாகக் கொள்ளும் வாசகருக்கு இத்தெளிவு தேவையே. ஆயினும், பாவத்தில் வீழ்த்துவதைக் குறித்த சொல்லே சிலுவையையும் குறித்தது என்னும் செய்தி மறைகிறது. இடறச் செய்வன யாவும் பாவமல்ல என்னும் நுட்பம் இவ்வொற்றுமையில்தான் புலப்படும். சூழலுக்கேற்பச் சொல்லை மாற்றும் மொழிபெயர்ப்பாளர், மூலச்சொல் ஒன்றே என்பதை அடிக்குறிப்பிலேனும் சுட்டுதல் இன்றியமையாதது.