‘பிரெயின் ஸ்டார்மிங்’ - ஒரு புயலின் கதை

கம்பெனியில் ஏதாவது சிக்கல். விற்பனை படுத்துவிட்டது, அல்லது புதுப் பொருளுக்குப் பெயர் வைக்க வேண்டும். மேனேஜர் உடனே என்ன செய்வார்? ஏழெட்டுப் பேரை ஒரு அறையில் உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் மார்க்கரால் தலைப்பை எழுதி, “மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லுங்கள், எதுவும் தப்பில்லை” என்பார். இதற்குப் பெயர் பிரெயின் ஸ்டார்மிங். (மூளைச்சலவை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது வேறு!) நிர்வாகவியல் பாடப் புத்தகங்களில் இதற்கு இரண்டு பக்கமாவது இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி இருந்தால் அதிகம். வேலை செய்கிறதா என்பதற்கு அதுவும் இருக்காது.

அந்தச் சொல்லுக்கே ஒரு பூர்வாசிரமம் உண்டு. 1906-ல் நியூயார்க்கில் ஹாரி தா என்ற பணக்காரர், ஸ்டான்ஃபோர்ட் வைட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை எல்லோர் முன்னிலையிலும் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு நடந்த வழக்கில், அந்த நேரத்தில் அவர் மூளையில் ஒரு புயல் அடித்தது, அதனால் சுயநினைவோடு செய்யவில்லை என்று எதிர்த்தரப்பில் வாதாடினார்கள். அதாவது அன்றைக்கு ‘பிரெயின் ஸ்டார்ம்’ என்றால் தற்காலிகப் பைத்தியம். முப்பது வருடம் கழித்து அதே சொல் விளம்பரக் கம்பெனி ஒன்றில் நல்ல அர்த்தத்தோடு மறுபிறவி எடுத்தது.

அந்தக் கம்பெனி பிபிடிஓ. அதன் பெயரின் கடைசி எழுத்தான ‘ஓ’தான் அலெக்ஸ் ஆஸ்பர்ன். 1888-ல் பிறந்தவர், பஃபலோ நகரத்தில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு விளம்பரத் துறைக்கு வந்தவர். 1919-ல் இரண்டு கூட்டாளிகளோடு தொடங்கிய நிறுவனம், 1928-ல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து பிபிடிஓ ஆனது. 1930-களின் இறுதியில் அதற்குச் சோதனைக் காலம். கூட்டாளிகளில் ஒருவரான ராய் டர்ஸ்டைன் 1939-ல் விலகிவிட்டார். கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பில் ஆஸ்பர்னுக்குப் பெரிய பங்கு வந்து சேர்ந்தது. விளம்பரக் கம்பெனிக்கு இயந்திரமும் கிடையாது, சரக்கும் கிடையாது. யோசனைதான் சரக்கு.

கூட்டங்களில் யோசனைகள் பிறப்பதற்கு முன்பே செத்துவிடுகின்றன என்பது ஆஸ்பர்னின் எண்ணம். இளையவர் ஒருவர் வாயைத் திறப்பார். சீனியர் ஒருவர் “இதெல்லாம் நடக்காதுப்பா” என்பார். அவ்வளவுதான், அந்த இளையவர் அன்று முழுக்க வாய் திறக்கமாட்டார். இதற்கு மருந்தாக அவர் நாலு விதிகள் வைத்தார். யாரும் யார் யோசனையையும் குறை சொல்லக் கூடாது. எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் நல்லது. எண்ணிக்கை முக்கியம், தரம் பிறகு. அடுத்தவர் சொன்னதோடு உங்களுடையதை ஒட்டவைத்து மேலே கொண்டு போகலாம். யாராவது குறை சொன்னால் தலைவர் மணி அடித்து நிறுத்துவார், நிஜமாகவே கைமணி!

1948-லும் 1953-லும் வந்த அவருடைய புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன. 1953-ல் வந்தது ‘அப்ளைட் இமாஜினேஷன்’. அதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் இந்து மத குருமார்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ‘பிரை-பர்ஷனா’ என்ற பெயரில் இதே போன்ற முறையைக் கையாண்டு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பர்ஷனா என்றால் கேள்வியாம். ‘பிரச்னம்’தான் எப்படியோ திரிந்து அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மேலைநாட்டுச் சரக்குக்கு இந்திய முத்திரை குத்தினால் மதிப்பு கூடும் என்ற வித்தை ஒரு விளம்பரக்காரருக்குத் தெரியாதா என்ன?

அதே புத்தகத்தில், தனியாக யோசிப்பதைவிடக் குழுவாக உட்கார்ந்தால் இரண்டு மடங்கு யோசனைகள் வரும் என்றும் சொல்லியிருந்தார். இது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். அளந்தும் பார்த்தார்கள்.

1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் சோதனை செய்தார்கள். மாணவர்கள் சிலரை நாலு நாலு பேராக உட்காரவைத்தார்கள். மற்றவர்களைத் தனித்தனியாக யோசிக்கவைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஆஸ்பர்னின் அதே விதிகள், அதே கேள்விகள். ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளை அமெரிக்காவுக்கு வரவழைப்பது எப்படி என்பது ஒன்று. இனிமேல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் கையில் இன்னொரு கட்டைவிரல் இருந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. தனியாக எழுதிய நாலு பேரின் பட்டியலைச் சேர்த்து, திரும்ப வந்ததை ஒருமுறை மட்டும் எண்ணி, ஒரு ‘பெயரளவுக் குழு’ ஆக்கினார்கள். முடிவு? ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஆனால் ஆஸ்பர்ன் சொன்னதற்கு நேர் தலைகீழாக. தனித்தனியாக யோசித்தவர்கள்தான் ஜெயித்தார்கள்.

மாணவர்களை வைத்துச் செய்தால் இப்படித்தான், வேலை அனுபவம் உள்ளவர்களிடம் செய்து பாருங்கள் என்று சொல்லலாம். 1963-ல் அதுவும் நடந்தது. 3எம் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 48 பேர், விளம்பரப் பிரிவினர் 48 பேர், நாலு பேர் கொண்ட 24 குழுக்கள். அவற்றில் 23 குழுக்களில் தனியாக யோசித்தபோதே அதிக யோசனைகள் கிடைத்தன.

ஏன் இப்படி? ஊர் கூடித் தேர் இழுப்பது பற்றி நம் ஊரில் நிறையப் பேசுவோம். மேக்ஸ் ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தன் முழு பலத்தில் பாதியளவுதான் போடுகிறார்கள். அடுத்தவர் இழுக்கட்டுமே என்ற நினைப்பும் உண்டு, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாததும் உண்டு. யோசனைக் கூட்டத்திலும் இந்தச் சோம்பல்தான் காரணமோ? இல்லை, விதி என்ன சொன்னாலும் மனதுக்குள் இருக்கும் பயம் போகவில்லையோ?

1987-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மிஷேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தக் கதையிலேயே அழகான சோதனை இதுதான். ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, டிராபிக் சிக்னல் போல ஒரு விளக்கு வைத்தார்கள். ஒருவர் பேச ஆரம்பித்ததும் மற்றவர்களுக்குச் சிவப்பு. அவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசலாம். சிலருக்கு மற்றவர் பேசுவது காதில்கூட விழாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அப்படியிருந்தும் யோசனைகள் பாதியாகக் குறைந்தன. சோம்பலும் பயமும் கொஞ்சம்தான், பெரிய குற்றவாளி காத்திருத்தல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறை வருவதற்குள் யோசனை மறந்துபோகிறது, அல்லது அதை மறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதிலேயே அடுத்தது பிறக்காமல் போகிறது.

ஆஸ்பர்ன் விமர்சனத்தை வில்லனாக நினைத்து அதற்கு மணி கட்டினார். உண்மையான வில்லன் வரிசை!

இதைக் கணக்குப் பிள்ளை பார்வையில் பாருங்கள். எட்டுப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கம்பெனிக்கு எட்டு மணி நேரச் சம்பளம் செலவு. அதில் ஒருவர் சராசரியாகப் பேசக் கிடைப்பது ஏழரை நிமிடம். நடைமுறையில் ஏழரைகூடக் கிடைக்காது, ஏனென்றால் வாய்ச்சவடால் உள்ள இருவர் பாதி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் சட்டென்று பேச வராதவர், கூச்ச சுபாவம் உள்ளவர் ஆகியோரின் யோசனைகள் அவர்கள் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடும். அவர்களுக்கு யோசனையே வராது என்று பிறகு மதிப்பீட்டிலும் எழுதப்படும். கம்பெனிக்கு நஷ்டம் ஒரு பக்கம், அந்த ஆளுக்கு நஷ்டம் இன்னொரு பக்கம்.

பேச்சைக் குறைத்து எழுத்தைக் கூட்டினால் வரிசைப் பிரச்சனை இல்லை. டீல், ஸ்ட்ரோபே சோதனைக்கு முன்பே, 1960-களின் கடைசியில், பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் ‘6-3-5’ முறையைக் கொண்டுவந்தார். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு மேலும் மூன்று எழுதுவார். அரை மணியில் 108 யோசனைகள், சத்தமே இல்லாமல். 1990-களில் கணினியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து பார்த்தபோதும் பெரிய குழுக்களில் நல்ல பலன் கிடைத்தது.

குறை சொல்லக் கூடாது என்ற விதியும் 2004-ல் சோதனைக்கு வந்தது. சார்லன் நெமெத்தும் அவரது குழுவினரும் சான்பிரான்சிஸ்கோ பகுதியிலும் பாரிஸிலும் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க வழி கேட்டார்கள். சில குழுக்களிடம் குறை சொல்லாதீர்கள் என்றும், சில குழுக்களிடம் தாராளமாக விவாதியுங்கள், குறையும் சொல்லுங்கள் என்றும் சொன்னார்கள். விவாதித்தவர்கள் கொஞ்சமும் பின்தங்கவில்லை. கூட்டம் முடிந்து தனியாகக் கேட்டபோது அவர்களிடம் இன்னும் புதிய யோசனைகள் வந்தன.

அப்படியானால் இந்தக் கூட்டங்கள் ஏன் இன்னும் ஒழியவில்லை? ஒரு காரணம், குழுவில் உட்கார்ந்தவர்கள் தாங்கள் நிறையச் சாதித்ததாகவே நம்புகிறார்கள். காதில் விழுந்ததெல்லாம் தன்னுடையது போலத் தோன்றிவிடுகிறது. இன்னொரு காரணத்தை சட்டன், ஹார்கடன் இருவரும் 1996-ல் எழுதினார்கள். ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தை நெருங்கிக் கவனித்தவர்கள் அவர்கள். அங்கே இந்தக் கூட்டங்களால் பழைய வேலைகளில் கிடைத்த அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது, யார் கெட்டிக்காரர் என்பது தெரிகிறது, வாடிக்கையாளர் அசந்துபோகிறார், கம்பெனிக்கு வருமானமும் வருகிறது. யோசனைகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் இதெல்லாம் கணக்கில் வராது. இது நியாயமான வாதம்தான். ஆனால் பெரும்பாலான அலுவலகங்கள் ஐடியோ இல்லை.

ஆஸ்பர்ன் 1966-ல் காலமானார். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. குழுக்கூட்டம் தனிமனித யோசனைக்குத் துணைதான், மாற்று இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். முதலில் தனியாக யோசி, பிறகு கூடிப் பேசு, மறுபடி தனியாக யோசி என்பதுதான் அவர் சொன்ன வரிசை. படித்தவர்கள் நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கினார்கள்.